கிருமி அண்டாத ரப்பர் செய்ய முடியுமா?

சென்ற இதழில் மருத்துவக் கையுறைகளைப் பற்றி எழுதும்போது, "கிருமியைத் தானே கொல்லும் ரப்பர் பொருள்களும் வந்துவிட்டன" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. கேட்டவர்களில் தொழிற்சாலைக்காரர்கள் இருக்கிறார்கள், நர்ஸ் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் சில பதில்கள் வேதியியலாக இருக்கும், சில பதில்கள் கட்டில் பக்கத்து விஷயமாக இருக்கும். உங்களுக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரப்பர் மரத்துப் பாலிலிருந்துதானே வருகிறது, அதற்கென்று இயற்கையாக ஒரு தற்காப்பு இருக்காதா? நாம் ஏன் தனியாகக் கிருமிக்கொல்லி சேர்க்க வேண்டும்? (ஓர் ஆசிரியை)

பதில்: இருக்கும் என்று தோன்றுவது நியாயம்தான், ஆனால் இருக்கிற கொஞ்சமும் போதாது. மரத்திலிருந்து இறக்கிய ரப்பர் பாலை அப்படியே ஒரு வாளியில் விட்டுவைத்தால் சில மணி நேரத்திலேயே கட்டிதட்ட ஆரம்பித்துவிடும், அப்புறம் நாறும். அதில் 30 முதல் 35 சதவீதம்தான் ரப்பர். மீதியில் பெரும்பகுதி தண்ணீர், கூடவே கொஞ்சம் புரதமும் சர்க்கரையும் கொழுப்பும் இருக்கின்றன. பாக்டீரியாவுக்கு இதைவிட வசதியான இடம் வேண்டுமா? அதனால்தான் பால் கைக்கு வந்ததுமே அம்மோனியா சேர்க்கிறார்கள். கையுறை செய்யும் இடத்துக்கு வருகிற 60 சதவீத ரப்பர் உள்ள பாலில் சுமார் 0.7 சதவீதம் அம்மோனியா இருக்கும், மூடியைத் திறந்தால் கண்ணில் நீர் வரும். ரப்பரையே மெல்ல மெல்லத் தின்னக்கூடிய நுண்ணுயிர்களும் மண்ணில் உண்டு, ஸ்ட்ரெப்டோமைசிஸ், நோகார்டியா இனங்களில் சில அப்படிப்பட்டவை. கந்தகம் சேர்த்துச் சூடாக்கி முழுப் பொருளாக்கிய பிறகு கிருமிகள் அதைத் தின்பதில்லை என்றே வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதன்மேல் சுகமாக உட்கார்ந்துகொள்ளும். நமக்குத் தொல்லை தருவது அந்த உட்காருதல்தான்.

கேள்வி: பாலிமர் தொழில்நுட்பம் படிக்கிறேன். புராஜெக்டுக்காக ரப்பர் பாலில் குளோர்ஹெக்சிடின் குளுக்கோனேட் என்ற கிருமிக்கொல்லியின் கரைசலைச் சேர்த்தேன். ஊற்றிய சில வினாடிகளில் மொத்தமும் கட்டிகட்டியாகத் திரிந்துவிட்டது. மூன்று முறை செய்தும் இதே கதை. நான் செய்கிற தவறு என்ன? (ஒரு மாணவர்)

பதில்: தம்பி, உங்கள் கைமேல் தவறில்லை. நானும் முதல் தடவை இதைத்தான் செய்தேன். ஒரு லிட்டர் கண்ணாடிக் குவளை, உள்ளே வெள்ளைவெளேர் என்று பால், மேலிருந்து சொட்டுச் சொட்டாகக் குளோர்ஹெக்சிடின். பத்தாவது சொட்டுக்குள் கலக்கியைச் சுற்றி ஒரு வெள்ளைப் பந்து உருண்டது, கலக்கி நின்றுவிட்டது, அந்தப் பந்தைக் கலக்கியிலிருந்து பிய்த்தெடுக்க அரை மணி நேரம் ஆனது.

காரணம் மின்சுமை. பாலில் மிதக்கிற ஒவ்வொரு ரப்பர் துகளையும் புரதமும் கொழுப்பு அமிலச் சோப்பும் ஓர் உறையாகச் சுற்றியிருக்கின்றன, அந்த உறைக்கு எதிர்மின்சுமை. எல்லாத் துகளும் ஒரே சுமை கொண்டவை என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக மிதக்கின்றன. குளோர்ஹெக்சிடினும் சரி, பென்சால்கோனியம் போன்ற குவாட் (குவாட்டர்னரி அம்மோனியம்) வகைக் கிருமிக்கொல்லிகளும் சரி, நேர்மின்சுமை கொண்டவை. அவை வந்து எதிர்ச்சுமையை அணைத்துவிட்டால் தள்ளுவதற்கு ஒன்றுமில்லை, துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன, பால் திரிகிறது. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தச் சேர்மங்கள் பாக்டீரியாவைக் கொல்வதும் இதே வழியில்தான். பாக்டீரியாவின் மேலுறையும் எதிர்மின்சுமை கொண்டது. நேர்ச்சுமை கொண்ட மூலக்கூறு அதில் போய் ஒட்டி, உறையைக் குலைத்து, உள்ளே இருப்பதை வெளியே கசியவிடுகிறது. உங்கள் குவளையில் இருந்த ரப்பர் துகளையும் அது ஒரு பாக்டீரியாவைப் போலவே நடத்தியிருக்கிறது.

கையுறைத் தொழிலே இந்தத் திரிதலை வைத்துத்தான் நடக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். பீங்கான் கை அச்சைக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் முக்கி, காயவிட்டு, அப்புறம் ரப்பர் பாலில் முக்குகிறார்கள். அச்சின்மேல் இருக்கிற கால்சியத்தின் நேர்ச்சுமை பட்ட இடத்தில் மட்டும் பால் திரிந்து சீரான ஒரு படலமாகப் படிகிறது. அதாவது தொட்டியில் நடந்தால் நஷ்டம், அச்சின்மேல் நடந்தால் கையுறை.

சரி, அப்படியானால் கால்சியம் நைட்ரேட் தொட்டியிலேயே குளோர்ஹெக்சிடினையும் கலந்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். வேண்டாம். குளோர்ஹெக்சிடினின் நைட்ரேட் உப்பு தண்ணீரில் மிகக் கொஞ்சம்தான் கரையும், அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். நடைமுறையில் உதவுகிற வழி, படலம் உருவாகி, வெந்நீரில் அலசி, அடுப்பில் கியூர் ஆன (சூட்டில் ரப்பர் இறுகிப் பதமான) பிறகு கடைசியாக ஒரு மேல்பூச்சில் அதைக் கொடுப்பது. அலசலுக்கு முன்னால் கொடுத்தால் ரப்பரிலுள்ள புரதத்தோடு உங்கள் மருந்தும் வெந்நீரில் போய்விடும். இன்னொன்றும் இருக்கிறது. அச்சைத் தொட்டிருந்த பக்கம், கையுறையைத் திருப்பி உரிக்கும்போது வெளிப்பக்கமாகிவிடும். கடைசியில் பூசிய பூச்சு உள்பக்கம், அதாவது தோலைத் தொடும் பக்கம் போய்விடும். எந்தப் பக்கத்துக் கிருமியைக் கொல்லப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் தொட்டிகளின் வரிசையை எழுதுங்கள்.

பாலிலேயே கலந்துதான் ஆக வேண்டும் என்று உங்கள் கைடு சொன்னால், மின்சுமையே இல்லாத நான்-அயானிக் சர்ஃபேக்டன்ட் (சோப்பு மாதிரியான பொருள்) ஒன்றை முன்கூட்டியே போதுமான அளவு சேர்த்துவிட்டு, மருந்தை நன்றாக நீர்த்து, மெதுவாக விட்டுப் பாருங்கள். நிலைக்கும், ஆனால் அந்தப் பால் அச்சின்மேல் படியவும் அடம்பிடிக்கும்.

கேள்வி: நாங்கள் சிறிய அளவில் ரப்பர் ஸ்டாப்பர், குழாய் முதலியவை வார்க்கிறோம். வெள்ளி கலந்தால் கிருமி வராது என்று கேள்விப்பட்டு வெள்ளி உப்பை மில்லில் அரைத்துக் கலந்தோம். பிரஸ்ஸிலிருந்து எடுத்தால் தகடு காப்பி நிறத்தில் வருகிறது, சில இடங்களில் கறுப்பு. லேபில் கொடுத்துப் பார்த்தால் கிருமியும் சாகவில்லை. சப்ளையர் ஏமாற்றிவிட்டாரா? (ஒரு பட்டறை உரிமையாளர்)

பதில்: சப்ளையர்மேல் சந்தேகப்படுவதற்கு முன்னால் உங்கள் கலவைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் கந்தகம் இருக்கும், தையூரம், டைதயோகார்பமேட், எம்.பி.டி என்று ஆக்சிலரேட்டர்களும் (கியூரை வேகப்படுத்தும் பொருள்கள்) இருக்கும். அத்தனையிலும் கந்தகம். வெள்ளிப் பாத்திரம் பீரோவில் வைத்தே கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள், காற்றில் இருக்கிற துளியூண்டு கந்தக வாயுவுக்கே அது கறுக்கிறது. நீங்களோ வெள்ளியைக் கந்தகத்தோடு சேர்த்து அரைத்து, 150 டிகிரியில் அழுத்தி வைத்திருக்கிறீர்கள். வெள்ளி சல்பைடு ஆகாமல் வேறு என்ன ஆகும்? வெள்ளி சல்பைடு கரையவே கரையாது என்று சொல்லும் அளவுக்குக் கரைதிறன் குறைந்த பொருள். வெள்ளி வேலை செய்ய வேண்டுமென்றால் அயனியாகக் கரைந்து வெளியே வர வேண்டும், கரையாதது கொல்லாது.

எனக்கு இந்த வேதியியலில் மிகவும் பிடித்த இடம் இதுதான். வெள்ளி அயனி பாக்டீரியாவைக் கொல்வதற்கு முக்கியக் காரணமே அது கந்தகத்தை விடாமல் பிடித்துக்கொள்வதுதான், பாக்டீரியாவின் புரதங்களில் இருக்கிற கந்தக முனைகளில் போய் உட்கார்ந்து அவற்றை முடக்கிவிடுகிறது. எந்தக் குணத்துக்காக நாம் வெள்ளியைத் தேடிப் போகிறோமோ அதே குணம்தான் அதை உங்கள் பிரஸ்ஸுக்குள் செலவழித்துவிடுகிறது. 1839-ல் சார்லஸ் குட்இயர் கந்தகத்தைச் சேர்த்து ரப்பரைப் பதப்படுத்தக் கண்டுபிடித்த வழியில்தான் இன்றும் பெரும்பாலான ரப்பர் கியூர் ஆகிறது, ஆகவே இந்த மோதல் உங்கள் பட்டறையில் மட்டும் நடப்பதில்லை.

வழிகள் இருக்கின்றன. வெள்ளியை நேரடி உப்பாகப் போடாமல், ஜியோலைட், கண்ணாடி, சிர்கோனியம் பாஸ்பேட் போன்ற ஒரு தாங்கிக்குள் அடைத்து வருகிற பொடியைப் பயன்படுத்தலாம். அதிலும் கந்தகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும், ஆனால் மிச்சம் இருக்கும். கந்தகத்தையே விட்டுவிட்டு பெராக்சைடு கியூருக்கு மாறலாம். மாறினால் இயற்கை ரப்பரின் இழுவலிமையும் கிழிவலிமையும் குறையும், திறந்த வெப்பக்காற்றில் கியூர் செய்தால் மேற்பரப்பு பிசுபிசுவென்று நிற்கும், ஏனென்றால் பெராக்சைடுக்கு ஆக்சிஜன் ஆகாது. மூடிய அச்சில் அழுத்தினால் அந்தப் பிரச்சினை இல்லை. சிலிக்கோனுக்கு மாறுவதானால், பிளாட்டினம் கியூர் சிலிக்கோன் கந்தகத்தையும் அமீனையும் தாங்காது என்பதை மறக்காதீர்கள். லேடெக்ஸ் (இயற்கை ரப்பர் பால்) கையுறை போட்டுக்கொண்டு அதைப் பிசைந்தாலே, விரல் பட்ட இடம் மட்டும் கடைசிவரை கியூர் ஆகாமல் களிமண் மாதிரி இருக்கும். இரண்டு நாள் தேடிவிட்டுக் கடைசியில் கையில் இருந்த கையுறைதான் குற்றவாளி என்று கண்டுபிடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதில் எதுவுமே ஒத்துவராவிட்டால், பொருளை வழக்கம்போலச் செய்து முடித்துவிட்டு மேலே ஒரு ஹைட்ரோஜெல் (தண்ணீரைப் பிடித்துவைக்கும் கூழ்) பூச்சில் வெள்ளியைக் கொடுங்கள். ஆனால் குழாய் வளைந்து நிமிரும்போது பூச்சு வெடிக்கிறதா, உரிகிறதா என்று வளைத்து வளைத்துப் பார்த்துவிடுங்கள். ரப்பர் நீளும் அளவுக்குப் பூச்சும் நீள வேண்டும், பெரும்பாலான பூச்சுகள் அங்கேதான் தோற்கின்றன.

கேள்வி: அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து படுக்கையில் இருக்கிறார், சிறுநீர்க் குழாய் போட்டிருக்கிறார்கள். ஏற்கெனவே இரண்டு முறை இன்ஃபெக்‌ஷன் வந்துவிட்டது. வெள்ளி பூசிய கதீட்டர் போட்டால் வராது என்று ஒருவர் சொல்கிறார், விலை பல மடங்கு. கடன் வாங்கியாவது போடலாமா? (ஒரு மகள்)

பதில்: கடன் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள், அப்புறம் உங்கள் டாக்டரிடம் பேசுங்கள்.

நீங்கள் பார்க்கிற அந்தக் குழாய் அநேகமாக ஃபோலி கதீட்டர், முனையில் பலூன் வைத்தது, 1930-களில் ஃபிரெடெரிக் ஃபோலி என்ற அமெரிக்கச் சிறுநீரகவியல் மருத்துவர் உருவாக்கியது. உடம்புக்குள் போனவுடனே, நிமிடக் கணக்கில், சிறுநீரில் உள்ள புரதங்கள் அதன் மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலமாகப் படிந்துவிடுகின்றன. பாக்டீரியா வந்து உட்காருவது ரப்பரின்மேல் இல்லை, இந்தப் படலத்தின்மேல். உட்கார்ந்ததும் தன்னைச் சுற்றிக் கொழகொழவென்று ஒரு பசையைச் சுரந்து கூட்டமாக வாழ ஆரம்பிக்கிறது, இதைத்தான் பயோஃபிலிம் என்கிறோம். அதற்குள் இருக்கும் பாக்டீரியாவை மருந்தால் அழிப்பது, தனியாக மிதக்கும் பாக்டீரியாவை அழிப்பதைவிடப் பல மடங்கு கடினம். கழற்றிப் போட்ட பழைய குழாய் ஒன்றை நீளவாக்கில் கீறித் திறந்து பார்த்தால் உள்சுவரில் பழுப்பான வழவழப்பும், விரலால் தேய்த்தால் மணல்போல் நறநறவென்று வெள்ளைப் படிகமும் இருப்பதைப் பார்க்கலாம். புரோட்டியஸ் மிராபிலிஸ் என்ற பாக்டீரியா யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கி, சிறுநீரைக் காரத்தன்மைக்கு மாற்றுவதால் படிகிற உப்பு அது. குழாய் அடைத்துக்கொள்வதற்கு முக்கியமான காரணமும் அதுதான்.

இப்போது வெள்ளிக்கு வருகிறேன். பூசிய வெள்ளியின்மேலும் அந்தப் புரதப் படலம் படியத்தான் செய்யும். சிறுநீரில் இருக்கிற குளோரைடும் புரதத்தின் கந்தகமும் வெள்ளி அயனியைப் பிடித்துக்கொள்ளும். சோதனைச் சாலைத் தட்டில் பிரமாதமாக வேலை செய்வது உடம்புக்குள் மந்தமாகிவிடுவது இதனால்தான். 2012-ல் லான்செட் இதழில் வெளியான ஒரு பெரிய ஆய்வு, பிரிட்டனில் 24 மருத்துவமனைகளில் 7,102 நோயாளிகளைச் சேர்த்துச் செய்தது. குறுகிய காலத்துக்குக் குழாய் போட்டவர்கள் அவர்கள். ஆறு வாரத்துக்குள் அறிகுறியோடு தொற்று வந்து மருந்து எடுத்தவர்கள் சாதாரணக் குழாயில் 12.6 சதவீதம், வெள்ளிக் கலவை பூசிய குழாயில் 12.5 சதவீதம். வித்தியாசமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். நைட்ரோஃபியூரால் ஊறிய குழாயில் 10.6 சதவீதம், கொஞ்சம் குறைவு, ஆனால் அதற்கு எரிச்சல் அதிகம். நீண்ட நாள் குழாய் போடுகிறவர்களுக்கு அந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது என்றாலும், கடன் வாங்கிப் போடச் சொல்லும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

உண்மையில் எண்ணிக்கை ஏறுவது நாளை வைத்து. குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் பாக்டீரியா தென்படும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் என்பது மருத்துவ உலகில் ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. ஒரு மாதம் போனால் அநேகமாக எல்லோருக்கும் இருக்கும். ஆகவே டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது "இந்தக் குழாய் இன்னும் தேவையா, எடுத்துவிட்டு வேறு வழி பார்க்கலாமா" என்பதுதான். தயங்காமல் கேளுங்கள், ஒவ்வொரு முறை போகும்போதும் கேளுங்கள். தேவைதான் என்றால், கிருமி ஏறுவது இரண்டு வழியில் என்பதை மனதில் வையுங்கள்: குழாயின் வெளிப்பக்கமாகத் தோலிலிருந்து, உள்பக்கமாகப் பையிலிருந்து. பை எப்போதும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாகத் தொங்க வேண்டும், தரையைத் தொடக் கூடாது, அவரைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது பையைத் தூக்கி வயிற்றின்மேல் வைத்துவிடுவது பலரும் அறியாமல் செய்வது, அதைத் தவிருங்கள். குழாயும் பையும் சேரும் இணைப்பைக் காரணமில்லாமல் பிரிக்காதீர்கள். தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவுங்கள். லேடெக்ஸ் குழாய் என்றால் அதன்மேல் எண்ணெயோ பெட்ரோலியம் ஜெல்லியோ படவே கூடாது, ரப்பர் ஊதிப் பலமிழந்துவிடும்.

இன்னொரு விஷயம், சிறுநீரில் பாக்டீரியா இருப்பதும் தொற்று நோய் வருவதும் ஒன்றல்ல. காய்ச்சல், நடுக்கம், அடிவயிற்றில் வலி, திடீரென்று மனம் குழம்பிப் பேசுவது, இவை வந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். எதுவும் இல்லாமல் டெஸ்டில் மட்டும் பாக்டீரியா என்று வந்தால் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் தேவைப்படாது. அப்பா சீக்கிரம் எழுந்து உட்கார வேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன்.

கேள்வி: போட்டிருக்கும் கையுறையின்மேலேயே சானிடைசர் தடவிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம், கழற்றி எறிந்துவிட்டுக் கையில் தடவுங்கள். ஆல்கஹால் படப்படப் படலம் பலவீனமாகும், பிசுபிசுக்கும், கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழலாம்.

கேள்வி: எங்கள் வார்டில் "ஆன்டிமைக்ரோபியல்" என்று அச்சிட்ட கையுறை வந்திருக்கிறது. அதுவே கிருமியைக் கொல்லும் என்பதால் ஒவ்வொரு நோயாளிக்கும் மாற்ற வேண்டாம் என்று ஒரு சீனியர் சொல்கிறார். சரியா? (ஒரு செவிலியர்)

பதில்: தவறு. மாற்றியே ஆக வேண்டும்.

நீங்கள் ஒரு நோயாளியின் கட்டைத் தொட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போக எத்தனை வினாடி ஆகும்? இருபது? முப்பது? இந்தக் கையுறைகளில் எதுவும் அந்த நேரத்துக்குள் கொன்று முடிப்பதில்லை. நிமிடக் கணக்கு ஆகும், சிலவற்றுக்கு மணிக் கணக்கும் ஆகும். 2018-ல் சந்தைக்கு வந்த ஒரு வகையில், வெளிச்சம் பட்டதும் சுற்றியுள்ள ஆக்சிஜனைக் கிளர்ச்சியூட்டிக் கிருமியைத் தாக்கவிடும் சாயம் ஒன்றை நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரில் சேர்த்திருக்கிறார்கள். யோசனை அருமை, பாக்டீரியா எளிதில் எதிர்ப்புச் சக்தி வளர்க்க முடியாத தாக்குதல் அது. ஆனால் அதற்கும் வெளிச்சம் வேண்டும், சில நிமிடம் வேண்டும். ரத்தமோ சீழோ தடிமனாக அப்பியிருந்தால் அடியில் இருக்கிற சாயம் மேலே இருக்கிற கிருமியை எட்டுவது எப்படி? ஸ்போர்களை (சில பாக்டீரியா எடுக்கும் தடித்த ஓட்டு வடிவம்) பற்றிக் கேட்கவே வேண்டாம், குளோர்ஹெக்சிடினுக்கும் குவாட்டுக்கும் அவை மசிவதில்லை.

கையுறை வந்த கதையையே உங்கள் சீனியருக்குச் சொல்லுங்கள். 1889-ஐ ஒட்டி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற சர்ஜனிடம் வேலை பார்த்த செவிலியர் கரோலின் ஹாம்ப்டனுக்குக் கையெல்லாம் புண். கிருமிநாசினியாகப் பயன்படுத்திய மெர்க்குரிக் குளோரைடு கரைசல்தான் காரணம். அவருடைய கையைக் காப்பாற்றத்தான் ஹால்ஸ்டெட் குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் மெல்லிய கையுறை செய்து வாங்கினார், மறு வருஷமே இருவருக்கும் திருமணமும் நடந்தது. நோயாளிக்கும் இதனால் தொற்று குறைகிறது என்பது அப்புறம்தான் தெரிய வந்தது. கையைக் கிருமிக்கொல்லியிடமிருந்து காப்பாற்றப் பிறந்த பொருளுக்குள் இப்போது கிருமிக்கொல்லியை வைக்கிறோம் என்பதால், தோலைத் தொடும் பக்கத்தில் என்ன பூசியிருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

கேள்வி: பெட்டியில் "99.9% கிருமிகளை அழிக்கும்" என்று போட்டிருக்கிறதே, அதை நம்பலாமா?

பதில்: எந்தக் கிருமியை, எவ்வளவு நேரத்தில், எந்த நிலையில் என்று மூன்றையும் சேர்த்துப் போட்டிருந்தால் நம்பலாம். பரவலாகச் செய்யும் ஐ.எஸ்.ஓ 22196 சோதனையில், 50 மில்லிமீட்டர் சதுரத் துண்டின்மேல் 0.4 மில்லி பாக்டீரியாக் கரைசலை விட்டு, மேலே ஒரு பிளாஸ்டிக் படலத்தால் மூடி, 35 டிகிரியில், காற்றில் ஈரம் 90 சதவீதத்துக்குக் குறையாமல், 24 மணி நேரம் வைக்கிறார்கள். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், ஈ.கோலி என்ற இரண்டு பாக்டீரியாதான். மேற்பரப்பு முழுக்க நனைந்து, ஒரு நாள் முழுக்க மருந்து ஊறிக்கொண்டே இருக்கும் நிலை அது; உலர்ந்த கையுறையில் விழுகிற ஒரு தும்மல் துளிக்கு அந்த வசதி கிடைக்காது. கையுறைக்கென்றே ஏ.எஸ்.டி.எம் டி7907 என்று தனிச் சோதனை இருக்கிறது, அதைச் செய்தார்களா என்று கேளுங்கள்.

எண்ணையும் கொஞ்சம் கூட்டிக் கழித்துப் பாருங்கள். 10 லட்சம் பாக்டீரியாவில் 99.9 சதவீதம் செத்தால் மிச்சம் 1,000. தோதான சூழலில் ஈ.கோலி 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஆயிரம் பத்து முறை இரட்டித்தால் மறுபடி 10 லட்சத்தைத் தாண்டிவிடும், அதற்கு மூன்று மணி இருபது நிமிடம் போதும். கொல்லும் வேகம் குறையாமல் எத்தனை நாள் நிற்கும் என்பதுதான் குழாய் போன்ற பொருளுக்கு உண்மையான கேள்வி, அந்த எண் பெட்டியில் அபூர்வமாகத்தான் இருக்கும்.

கேள்வி: எனக்கு லேடெக்ஸ் அலர்ஜி. இந்தப் புது வகைகள் எனக்குப் பாதுகாப்பானவையா?

பதில்: கிருமிக்கொல்லி சேர்ப்பதால் லேடெக்ஸ் அலர்ஜி குறையாது. உங்களுக்கு எந்த வகை அலர்ஜி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். போட்ட சில நிமிடங்களில் தடிப்பு, மூச்சிரைப்பு என்றால் ரப்பர் பாலின் புரதம் காரணமாக இருக்கலாம், அப்படியானால் இயற்கை ரப்பர் பக்கமே போகக் கூடாது, நைட்ரைலோ சிலிக்கோனோதான். ஒரு நாள், இரண்டு நாள் கழித்துக் கை வெடித்து அரித்தால் பெரும்பாலும் ஆக்சிலரேட்டர்கள் காரணம், அவை நைட்ரைலிலும் இருக்கும். பவுடர் போட்ட கையுறை வேண்டவே வேண்டாம்; அந்தப் பவுடர் புரதத்தைச் சுமந்துகொண்டு காற்றில் பறக்கும் என்பதும் ஒரு காரணமாகத்தான் அமெரிக்காவில் 2017 ஜனவரி முதல் அதற்குத் தடை.

குளோர்ஹெக்சிடினுக்கே அலர்ஜி உள்ளவர்களும் உண்டு. அது பூசிய மருத்துவக் கருவிகளால் கடுமையான ஒவ்வாமை வரக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 1998-லேயே எச்சரித்தது. அதனால் எந்தப் பொருள் சேர்த்தது என்று எழுதாத பெட்டியை வாங்காதீர்கள்.

கேள்வி: இவ்வளவும் படித்த பிறகும் செய்து பார்க்க ஆசையாக இருக்கிறது. நீங்கள் என் இடத்தில் இருந்தால் எங்கிருந்து தொடங்குவீர்கள்? (மேலே கேட்ட பட்டறை உரிமையாளரின் இரண்டாவது கேள்வி)

பதில்: மருந்திலிருந்து தொடங்க மாட்டேன், அச்சிலிருந்து தொடங்குவேன். உங்கள் அச்சைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அதில் இருக்கும் ஒவ்வொரு கீறலும் ரப்பரில் ஒரு மேடாக அச்சாகிவிடும், அந்த மேட்டின் ஓரத்தில் பாக்டீரியாவுக்கு ஒதுங்க இடம் கிடைக்கும். அச்சை மெருகேற்றி, கலவையில் வடிகட்டாத துகள் இல்லாமல் பார்த்து, கந்தகம் மேலே பூத்து வெள்ளையாகப் படியாத அளவுக்குக் குறைத்து, முழுதாகக் கியூர் செய்தாலே ஒட்டுகிற கிருமி குறையும். அதற்கும் மேலே தண்ணீர் பிடித்து வழுக்கிவிடும் ஹைட்ரோஜெல் பூச்சு ஒன்று கொடுத்தால், யாரையும் கொல்லாமலேயே ஒட்டவிடாமல் செய்யலாம். இந்த வழியை நான் அதிகம் விரும்புவதற்குக் காரணம் உண்டு. கொல்லும் மருந்து கசியக் கசிய அதன் அளவு குறைந்துகொண்டே வரும், கடைசியில் கொல்லப் போதாத அளவில் நிற்கும், அந்த அளவில்தான் பாக்டீரியா பழகிக்கொள்கிறது. வெள்ளிக்கும் இது நடக்கும். தீக்காயத்துக்கு வெள்ளி நைட்ரேட் பயன்படுத்திய ஒரு வார்டில், அதை எதிர்த்து நிற்கும் சால்மொனெல்லா 1975-லேயே பதிவாகியிருக்கிறது.

கொல்லும் மருந்துதான் வேண்டும் என்றால், அது எந்த வெப்பத்தைத் தாங்கும் என்று பாருங்கள். குளோர்ஹெக்சிடினை 150, 160 டிகிரி பிரஸ்ஸில் வைத்தால் சிதைந்து பாரா-குளோரோஅனிலின் என்ற நச்சுப் பொருள் வரும், அதை மில்லில் கலக்கிற யோசனையையே விட்டுவிடுங்கள். ஆன்டிபயாடிக்குகளும் பெரும்பாலும் அந்தச் சூட்டில் பிழைக்காது. சிலிக்கோனாக இருந்தால் கியூர் ஆன பிறகு ஒரு கரைப்பானில் ஊறவைத்து, அது வீங்கியிருக்கும்போது மருந்தை உள்ளே விட்டு, கரைப்பானை ஆவியாக்கிவிடலாம். மருந்து உள்ளே தங்கி மெதுவாக வெளியே வரும். கரைப்பான் மிச்சம் துளியும் இருக்கக் கூடாது என்பது அதில் பெரிய வேலை.

அப்புறம் ஸ்டெரிலைசேஷன். காமா கதிர் என்றால் வழக்கமாக 25 கிலோகிரே, நீராவி என்றால் 121 டிகிரி. உங்கள் தகடு அதைக் கடந்த பிறகும் கிருமியைக் கொல்கிறதா என்று பார்க்காமல், புதிதாக வந்த தகட்டை மட்டும் லேபுக்கு அனுப்புவதில் பயனில்லை. செல்களுக்கு நச்சா என்று பார்க்கும் ஐ.எஸ்.ஓ 10993-5 சோதனையையும் அதே தகட்டில் செய்யுங்கள்; பாக்டீரியாவைக் கொல்லும் அளவும் மனிதச் செல்லைக் கொல்லும் அளவும் சில மருந்துகளில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அதில் தோற்றால் மற்ற எதையும் செய்ய வேண்டாம், பணம் மிச்சம்.

அடுத்த கலவையைப் போடும்போது தகடுகளை இரண்டு பங்காகப் பிரியுங்கள். ஒரு பங்கை உறையில் போட்டு இருட்டில் வையுங்கள், இன்னொரு பங்கை 70 டிகிரி அடுப்பில் 7 நாள் வையுங்கள். எட்டாவது நாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறத்தைப் பாருங்கள், இழுத்துப் பாருங்கள், இரண்டையும் ஒரே நாளில் லேபுக்கு அனுப்புங்கள். வருகிற எண்களையும், கலவைச் சீட்டையும் எனக்கு எழுதுங்கள், உங்கள் பெயர் போடாமல் இந்தப் பகுதியிலேயே பேசுவோம்.